கிறேயின் உடற்கூற்று நூலும் அதன் கடன்களும்

மருத்துவக் கல்விக்கு வாயிலாக அமைந்தது உடற்கூற்றியல். என்புகள் எங்ஙனம் பொருந்தியுள்ளன, நாடிகள் எவ்வழிச் செல்கின்றன, எந்நரம்பு எத்தசையை இயக்குகின்றது என்பனவற்றை அறியாதவர் நோயின் இருப்பிடத்தைத் துணிதல் அரிது. அவர் கத்தியைக் கையிலெடுத்தல் பெருந்தீங்கு. இவ்வறிவை ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே தலைமுறை தலைமுறையாகப் புகட்டிவரும் நூல் ஒன்றுண்டு. 1858ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் வெளிவந்த அந்நூலை மாணவரும் ஆசிரியரும் ‘கிறேயின் அனற்றமி’ என்று வழங்குவர். 2020ஆம் ஆண்டில் அதன் 42ஆம் பதிப்பு வெளியாயிற்று. பாடநூல் ஒன்று நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புதுக்கப்பட்டுப் புதுக்கப்பட்டு நிலைபெற்று வருதல் கல்வியுலகில் அரிதாக நிகழ்வதாகும்.

நூலின் முகப்பில் ஒரு பெயர் விளங்கினால் அந்நூல் அவ்வொருவராலேயே ஆயது என்று கொள்ளுதல் உலக வழக்கு. கிறே என்னும் பெயரும் அவ்வாறே நிலைத்துவிட்டது. ஆயின் அந்நூல் தோன்றிய வரலாற்றை ஆராயுமிடத்து, அதனை ஆக்கியவர் ஒருவரல்லர் என்பது புலனாகும். எழுதியவர் ஒருவர், வரைந்தவர் மற்றொருவர், பெயர் குறிக்கப்படாத வறியோர் பலர் தம் உடலால் அதற்குப் பொருளாயினர், பின்னர் அதனைப் பிறமொழியிற் பெயர்த்தவரும் உளர். இவர்களுட் சிலருக்கு உரிய மதிப்பு வாய்த்தது, சிலருக்கு வாய்க்கவில்லை. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடும் உடலும்

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீன் என்னும் கிரேக்க மருத்துவர் எழுதியவை ஐரோப்பாவில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறுக்கவொண்ணாத பிரமாணமாகக் கொள்ளப்பட்டன. கலீன் வாழ்ந்த உரோமப் பேரரசிலே மனித உடலை அறுத்து ஆராயும் வழக்கம் இல்லை. ஆதலின் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளிடத்துத் தாம் கண்டவற்றையே அவர் மனிதருக்கும் உரியனவாகக் கூறினார். பிற்காலத்துப் பல்கலைக்கழகங்களிலே மனித உடல் அறுக்கப்பட்டபோதும், ஆசிரியர் உயர்ந்த ஆசனத்திலிருந்து ஏட்டை வாசிப்பார். கீழே நிற்கும் நாவிதர் கத்தியைக் கையாளுவார். ஏடு கூறியதற்கு மாறானது உடலிற் காணப்பட்டாலும் ஏட்டைத் திருத்தத் துணிந்தோர் மிகச் சிலரே.

இந்நிலையை மாற்றியவர் பதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த வெசாலியஸ் என்பவர். அவர் ஆசனத்தை விட்டிறங்கித் தம் கையாலேயே உடலை அறுத்து மாணவர்க்குக் காட்டினார். மனிதரது கீழ்த்தாடை ஓரென்பாலாயதேயன்றிக் கலீன் கூறியவாறு ஈரென்பாலாயதன்று என்பது முதலாகப் பல பிழைகளைக் கண்டு, 1543ஆம் ஆண்டிலே பாசெல் நகரில் பெருநூல் ஒன்றை அச்சிடுவித்தார். அந்நூலின் புகழிற் பெரும்பங்கு அதிலுள்ள படங்களுக்கு உரியது. எனினும் அவற்றை வரைந்த ஓவியரின் பெயர் நூலின் முகப்பில் இல்லை. வெனிசு நகர ஓவியர் டிசியனின் சித்திரக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் வரைந்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. உடற்கூற்று நூல்களில் எழுதியவர் விளங்கவும் வரைந்தவர் மறையவும் நேர்ந்த வழக்கம் புதியதன்று என்பதை இது காட்டும். முந்நூறு ஆண்டுகள் கழித்து இலண்டனிலும் ஏறக்குறைய அதுவே நிகழ்ந்தது.

இரு ஹென்றிகள்

அக்காலத்திலே இலண்டன் ஹைட் பார்க் மூலையில் அமைந்திருந்த சென். ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஹென்றி கிறே 1845ஆம் ஆண்டு மாணவராகச் சேர்ந்தார். 1827ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு அப்போது வயது பதினெட்டளவே. உடலை நுணுகி அறுத்து ஆராய்வதில் அவருக்கிருந்த ஊக்கம் விரைவிற் பயன் தந்தது. கண்ணுக்குச் செல்லும் நரம்புகளைப் பிற விலங்குகளின் கண்ணோடு ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை 1848ஆம் ஆண்டிற் சத்திரவைத்தியர்களின் அரசக் கல்லூரிப் பரிசைப் பெற்றது. இருபத்தைந்தாம் வயதில், 1852ஆம் ஆண்டிலே, அவர் அரசக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அடுத்த ஆண்டில் மண்ணீரலின் அமைப்பும் பயனும் பற்றிய ஆராய்ச்சிக்காக அஸ்லி கூப்பர் பரிசும் அதற்குரிய முந்நூறு கினியும் அவருக்குக் கிடைத்தன. பின்னர் அவ்வைத்தியசாலையின் மருத்துவப் பாடசாலையில் உடற்கூற்று விரிவுரையாளராகவும் பொருட்காட்சிச் சாலையின் பொறுப்பாளராகவும் விளங்கினார்.

மற்றவர் ஹென்றி வன்டைக் கார்ட்டர். இவர் 1831ஆம் ஆண்டில் ஹல் என்னும் துறைமுகப்பட்டினத்திற் பிறந்தவர். தந்தையார் ஓவியர், மைந்தருக்கு இடைப்பெயராக அமைந்ததும் ஓவியர் ஒருவரின் பெயரே. 1848ஆம் ஆண்டில் சென். ஜோர்ஜ் வைத்தியசாலையிற் கல்வி தொடங்கிய கார்ட்டர், தந்தையிடமிருந்து பெற்ற கைத்திறனையும் தாம் கற்ற மருத்துவ அறிவையும் ஒருங்கே உடையவர். பொருள் வளம் குறைந்தவர். கூச்சமும் சமயச் சிந்தனையும் மிக்கவர். அவர் எழுதிய நாட்குறிப்புகள் அழியாது கிடைத்திருத்தலின், இவ்வரலாற்றின் பல பகுதிகள் பிற்காலத்தவர்க்குத் தெரியவந்தன. கிறேயின் மண்ணீரல் நூலுக்கும் கார்ட்டர் படங்கள் வரைந்து கொடுத்தார். ஆயின் 1854ஆம் ஆண்டில் வெளியான அந்நூலில் அவருடைய உதவி குறிக்கப்படவில்லை.

அதனை மனத்திற் கொண்டிருந்தும், 1855ஆம் ஆண்டின் இறுதியில் மாணவர்க்கேற்ற உடற்கூற்று நூலொன்றைச் சேர்ந்து ஆக்குவோம் என்று கிறே கூறியபோது கார்ட்டர் இசைந்தார். அடுத்த இரண்டாண்டுகளிற் பதினெட்டு மாதங்களளவில் அவ்வேலை நடைபெற்றது.

நூல் உருவான விதம்

கின்னேட்டன் வீதியிலிருந்த அறுவைக்கூடத்திலே இருவரும் உடல்களை அறுத்து ஆராய்ந்தனர். இறந்த உடலை நெடுங்காலம் கெடாது வைக்க உதவும் போமலின் என்னும் மருந்து அக்காலத்தில் இல்லை. அதன் அப்பயன் 1893ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. ஆகவே அறுவை பெரும்பாலும் பனிக்காலத்திற்குரிய தொழிலாயிருந்தது. அழுகல் தொடங்குமுன் தசையை விலக்கி, நரம்பையும் நாடியையும் தனித்துக் காட்டி, கண்டதைக் கண்டவாறே வரைந்துகொள்ளல் வேண்டும். நாற்றமும் நோயச்சமும் நிறைந்த அவ்விடத்திலே காலமும் அவர்களுக்குப் பகையாய் நின்றது.

படம் வரைதலிலும் ஓர் அருமை உண்டு. அச்சுக்குரிய படங்கள் அக்காலத்தில் மரக்கட்டையிற் செதுக்கப்பட்டன. அச்சில் வலமும் இடமும் மாறுமாதலின் கட்டைமேல் வரையும் படம் கண்ணாடியிற் தோன்றும் உருவம்போல மாற்றி வரையப்படல் வேண்டும். வலக்கை நாடியை இடப்பக்கமாகவும், இடப்பக்கத்து நரம்பை வலப்பக்கமாகவும் பிழையின்றி வரைதல் உடற்கூற்றையும் ஓவியத்தையும் ஒருங்கறிந்தவருக்கே இயல்வது. கார்ட்டர் அவ்வாறு வரைந்த கட்டைகளைத் தேர்ந்த செதுக்குநர் செதுக்கினர். நூலில் அமைந்த படங்கள் 363. அவற்றுட் பெரும்பாலானவை உடலை நேரே பார்த்து வரையப்பட்டவை.

கற்பித்தலுக்கு இப்படங்கள் ஆற்றிய உதவி தனித்துக் கூறத்தக்கது. முன்னிருந்த நூல்கள் பலவற்றில் ஒவ்வோருறுப்பின் அருகிலும் ஓரெழுத்தோ எண்ணோ இடப்பட்டிருக்கும். அவ்வெழுத்து எதைக் குறிக்கின்றது என்பதை அடிக்குறிப்பில் தேடிக் காணல் வேண்டும். மாணவன் கண் படத்துக்கும் குறிப்புக்கும் இடையே அலைந்து களைத்துப்போம். கார்ட்டரோ நாடியின் பெயரை அந்நாடி செல்லும் வழியிலேயே எழுதினார். தசையின் பெயரைத் தசைமேலேயே பொறித்தார். நாடு நகரங்களின் பெயரைத் தேசப்படத்திற் காண்பது போல, உறுப்பும் பெயரும் ஒரே நோக்கிற் புலனாயின. படங்களும் பெரியனவாய்த் தெளிவுடையனவாய் இருந்தன. கிறேயின் உரைநடையும் அதற்கு இயைந்தது: ஒவ்வோருறுப்பின் இடம், வடிவம், தொடர்பு, பயன் என்பவற்றை ஒரே ஒழுங்கிற் கூறுவது, வீண் சொல் அற்றது.

1858ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் யோன் பாக்கர் என்னும் பதிப்பாளர் 750 பக்கங்கொண்ட இந்நூலை இருபத்தெட்டுச் சிலிங் விலைக்கு வெளியிட்டார். முதற்பதிப்பில் 2000 படிகள் அச்சிடப்பட்டன. ஆயிரம் படிகள் விற்குந்தோறும் கிறேக்கு நூற்றைம்பது பவுண் கிடைப்பதாக ஒப்பந்தம். கார்ட்டருக்கு ஒரே முறையாக நூற்றைம்பது பவுண் கொடுக்கப்பட்டது. அதன்பின் எத்தனை பதிப்பு வரினும் அவருக்கு உரிமை இல்லை.

பணத்தினும் வேறொன்று நோக்கத்தக்கது. முகப்புத்தாளின் அச்சுப்பார்வைப் படியில் கார்ட்டரின் பெயர் கிறேயின் பெயருக்கு நிகரான அளவில் அமைந்திருந்தது. பம்பாய் மருத்துவக் கல்லூரியில் அவர் ஏற்ற பதவியும் குறிக்கப்பட்டிருந்தது. கிறே தம் பேனையால் அப்பதவியை அடித்துவிட்டு, பெயரின் எழுத்தையும் சிறிதாக்கும்படி குறித்தார். முன்னுரையில் நன்றி கூறப்பட்டது உண்மையே. ஆயினும் முகப்பிற் செய்த அச்சிறு மாற்றம், அந்நூல் இன்னார் நூல் என்று உலகம் கொள்ளும் கருத்தை முடிவு செய்துவிட்டது.

சத்திரவைத்தியரின் துணை

முதற்பதிப்பின் பெயர் ‘விளக்கமும் சத்திரவைத்தியமும் சார்ந்த உடற்கூற்றியல்’ எனப் பொருள்படுவது. இப்பெயர் காரணத்தோடு அமைந்தது. 1846ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரில் ஈதர் என்னும் மயக்கமருந்தும், அடுத்த ஆண்டில் எடின்பரோவில் குளோரபோமும் சத்திரசிகிச்சைக்குப் பயன்படத் தொடங்கின. அதுகாறும் நோயாளி வேதனையால் துடிக்க, நான்கு பேர் பிடித்திருக்க, சில நிமிடங்களில் வேலையை முடிப்பவரே சிறந்த சத்திரவைத்தியர் எனப்பட்டார். மயக்கமருந்து வந்தபின் அவசரம் நீங்கியது; உடலினுள்ளே ஆழ்ந்து, பார்த்துப் பார்த்து அறுக்க இயன்றது. ஆழ்ந்து செல்பவருக்கு வழி தெரிதல் வேண்டுமன்றோ? அவ்வழியைக் காட்டுவதே கிறேயின் நூல் மேற்கொண்ட பணி.

இதற்கு முன்னோடியாகச் சென். ஜோர்ஜ் வைத்தியசாலையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. முழங்காலின் பின்புறத்து நாடி தளர்ந்து பைபோல் வீங்குவது அக்காலத்தில் வண்டி ஓட்டுவோர்க்கு வரும் நோய்களுள் ஒன்று. அப்பை வெடித்தால் இரத்தம் பெருகி மரணம் நேரும். காலை வெட்டியகற்றுதல், அல்லது வீக்கத்தைத் திறந்து நாடியைக் கட்டுதல் என்னும் இரண்டே முறைகள் அறியப்பட்டிருந்தன. இரண்டும் பெரிதும் உயிருக்கு இறுதியாய் முடிந்தன. 1785ஆம் ஆண்டில் அங்கே சத்திரவைத்தியராயிருந்த ஜோன் ஹன்ரர் இந்நோயுற்ற வண்டிக்காரர் ஒருவருக்கு வீக்கத்தைத் தொடாமல், அதற்கு மேலே தொடையின் நடுவில், நோயற்ற பகுதியில் நாடியைக் கட்டினார். பெருநாடி அடைபட்டால் பக்கக் கிளைகள் விரிந்து காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் என்பது உடற்கூற்று அறிவால் அவர் துணிந்தது. காலும் பிழைத்தது, வண்டிக்காரரும் வீடு திரும்பினார். ஓராண்டுக்கு மேல் கழித்து அவர் வேறொரு காய்ச்சலால் இறந்தபோது ஹன்ரர் அக்காலைப் பெற்று அறுத்து ஆராய்ந்து தம் துணிபைச் சோதித்தார்.

இவ்வாறு கண்டறியப்பட்டவற்றை ஒவ்வொரு மாணவனுக்கும் எட்டச் செய்தது கிறேயின் நூல். பெருநாடிகளை விவரித்தபின், எவ்விடத்தில் அழுத்தினால் இரத்தப் பெருக்கு நிற்கும், எவ்விடத்திற் கட்டலாம், கட்டும்போது எந்நரம்பும் எந்நாளமும் அருகில் உள்ளன என்பன கூறப்பட்டன. குடலிறக்கம் தோன்றும் இடங்களும் அவ்வாறே விளக்கப்பட்டன. 1867ஆம் ஆண்டில் லிஸ்ரர் தம் கிருமியழிப்பு முறையை வெளியிட்டபின் சத்திரசிகிச்சையின் எல்லை விரிந்தது. எல்லை விரியுந்தோறும் உடற்கூற்று அறிவின் தேவையும் மிகுந்தது.

பெயரற்ற ஆசிரியர்கள்

எழுதியவரும் வரைந்தவரும் இவர்கள். அறுக்கப்பட்டவர் யாவர்? இவ்வினாவுக்கு விடை நூலில் இல்லை.

இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் உடலை அறுவைக்குக் கொடுக்கலாம் என விதித்தது. தூக்கினும் கொடிய அவமானமாக அது கருதப்பட்டமையால், தண்டனைக்கு மேல் தண்டனையாகவே அவ்விதி வகுக்கப்பட்டது. ஆயின் மருத்துவப் பாடசாலைகள் பெருகியபோது தூக்குமரம் தந்த உடல்கள் போதவில்லை. புதைகுழிகளை இரவில் தோண்டிப் பிணங்களை விற்போர் தோன்றினர். எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் அவ்வேலையும் வேண்டாதவராய், 1828ஆம் ஆண்டில் பதினாறு பேரைக் கொன்று அவ்வுடல்களை நொக்ஸ் என்னும் உடற்கூற்று ஆசிரியரின் கூடத்துக்கு விற்றனர். மறு ஆண்டில் பேர்க் தூக்கிலிடப்பட்டு, அவனுடைய உடலும் அறுவை மேசைக்கே சென்றது. அவனது என்புக்கூடு அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இக்கொடுமைக்கு முடிவுகட்ட 1832ஆம் ஆண்டில் உடற்கூற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. வறியோர் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்து, உறவினரால் உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவப் பாடசாலைகளுக்குக் கொடுக்க அச்சட்டம் வழிசெய்தது. பிணத்திருட்டு மறைந்தது, மாணவர்க்கு உடல்கள் கிடைத்தன. ஆயினும் அதன் மறுபக்கத்தை ஏழைகள் உடனே உணர்ந்தனர். கொலைஞனுக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டிருந்தது இப்போது வறுமையின் விளைவாயிற்று. பணமின்மையால் அடக்கஞ்செய்ய இயலாத தாயும், துணையின்றி மாண்ட முதியவரும் தம் இசைவு கேட்கப்படாமலே அறுவைக்கூடம் புகுந்தனர். அவ்வாண்டிலே இறந்த ஜெரமி பெந்தம் என்னும் அறிஞர் தம் உடலைத் தாமே மனமுவந்து அறுவைக்கு அளித்து, செல்வரும் கற்றோரும் செய்யத்தக்கது இதுவென வழிகாட்டினார். பின்பற்றியவர் சிலரே.

கிறேயும் கார்ட்டரும் ஆராய்ந்த உடல்கள் இச்சட்டத்தின்படி வந்த வறியோரின் உடல்களே. அவர்கள் சட்டத்தை மீறியவரல்லர். காலத்தின் வழக்கிற் கலந்தவர். 1860ஆம் ஆண்டில் அவ்வறுவைக்கூடத்தில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று இன்றும் உள்ளது. மாணவரும் ஆசிரியரும் சூழ்ந்திருக்க, மேசைமேற் கிடக்கும் உடலொன்றின் பாதங்களின் அருகே கிறே அமர்ந்திருக்கின்றார். அவர் பெயரை உலகறியும். அப்பாதங்களுக்குரியவரின் பெயரை அறிவார் இலர்.

கிறேயின் முடிவும் கார்ட்டரின் பணியும்

நூலின் இரண்டாம் பதிப்பு 1860ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டில் வைசூரி கண்ட தம் சகோதரர் மகனைப் பராமரித்த கிறேக்கு அந்நோய் தொற்றியது. பத்து வயதுச் சிறுவன் பிழைத்தான்; கிறே 1861ஆம் ஆண்டு யூன் 13ஆந் தேதி இறந்தார். வயது முப்பத்துநான்கு. தம் நூல் எய்தவிருந்த புகழின் தொடக்கத்தை மட்டுமே அவர் கண்டார்.

கார்ட்டர் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார். பம்பாய் கிரான்ற் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கற்பித்த அவர், அங்கே ஒரு நோயைக் கண்டார். செருப்பின்றி வயலில் வேலை செய்வோரின் பாதம் முள் குத்திய இடத்திலிருந்து மெல்லமெல்ல வீங்கி, பல துவாரங்கள் வழியாகச் சீழும் மணிமணியான துகளும் வெளிப்பட, ஈற்றிற் காலையே இழக்கச் செய்யும் நோய் அது. 1842ஆம் ஆண்டிலே மதுரையில் அது கண்டு எழுதப்பட்டமையால் ‘மதுரைப் பாதம்’ எனப் பெயர் பெற்றது. வெட்டியகற்றப்பட்ட பாதங்களை ஆராய்ந்த கார்ட்டர், அந்நோய் பூஞ்சணத்தால் விளைவது என்னும் கருத்தை 1860ஆம் ஆண்டிலே வெளியிட்டு, அதற்கேற்ற புதிய பெயரும் இட்டார். 1874ஆம் ஆண்டில் அதுபற்றித் தனிநூல் எழுதினார். சிலவகைப் பற்றீரியங்களும் அந்நோயை விளைக்கும் என்பது பின்னர் அறியப்பட்டது. இலண்டன் அறுவைக்கூடத்தில் ஏழையின் உடலைப் பார்த்துப் பழகிய கண் இவ்வாறு இந்திய உழவனின் நோயைக் காண உதவியது. குட்டநோயையும் மீள்காய்ச்சலையும் பற்றியும் அவர் அரிய ஆராய்ச்சிகள் செய்தார். 1888ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பி, 1897ஆம் ஆண்டிற் காலமானார்.

யாழ்ப்பாணத்தில் கிறேயின் நூல்

1859ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் கிறேயின் நூல் அமெரிக்கப் பதிப்பாக வெளிவந்தது. அமெரிக்க மருத்துவர் ஒருவராலேயே அது தமிழுருவும் பெற்றது. மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டார். சமயம் பரப்பும் நோக்கொடு வந்தவர் அவர். அதனை மறைத்தவரும் அல்லர். எனினும் மருத்துவம் மக்களின் மொழியிற் கற்பிக்கப்பட்டாலன்றி மக்களிடத்து வேரூன்றாது என்று அவர் கொண்ட துணிவு, சமய வேறுபாடின்றித் தமிழர் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், தாயகம் சென்று 1862ஆம் ஆண்டில் மீண்டபின் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடற்றொழிலியலுக்குச் சுகரணம், சத்திரவைத்தியத்துக்கு இரணவைத்தியம் எனப் பெயர்கள் அமைந்தன. தமிழிலும் வடமொழியிலும் உள்ள சொற்களை முதலில் ஆராய்ந்து, அவை உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கேற்ப மாற்றி வழங்கினர். 1875ஆம் ஆண்டில் வெளிவந்த இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ எனப் பெயர்பெற்றமை இப்பிற்கூறிய முறைக்குச் சான்று. இரணவைத்தியம் 1867ஆம் ஆண்டிலும், கிறேயின் நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872ஆம் ஆண்டிலும் வெளியாயின. இலண்டனில் முதற்பதிப்பு வந்து பதினான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன என்பது ஈண்டு நோக்கற்பாலது. இம்மொழிபெயர்ப்புகளில் கிறீனின் தமிழ் மாணாக்கர் உடனுழைத்தனர். அவர்களுடைய உழைப்பும் ஆசிரியரின் பெயருக்குள் அடங்கி நின்றுவிட்டது.

உடலை அறுத்துக் காணுதல் இந்நாட்டு அறிவுக்கு முற்றிலும் புறம்பானது என்று எண்ணுதல் தவறு. உடலைப் புல்லாற் சுற்றி, ஓடும் நீரில் ஏழு நாள் அமிழ்த்தி வைத்து, பின்னர்த் தோல் முதலாக ஒவ்வொரு படையாக மெல்லத் தேய்த்து நீக்கி உள்ளுறுப்புகளைக் கண்ணாற் காணல் வேண்டும் என்று சுசுருத சங்கிதை விதித்துள்ளது. நூலறிவும் கண்ணறிவும் ஒருங்கு வாய்த்தவனே வைத்தியன் என்னும் கொள்கையே அதற்கு அடிப்படை. இடைக்காலத்தில் அம்முறை வழக்கற்றுப்போக ஏட்டறிவு மட்டும் எஞ்சியது. ஐரோப்பாவில் கலீனுக்குப்பின் நேர்ந்த கதியும் அதுவே.

கிறீன் 1873ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். சென்ற பின்னும் தமிழ் நூல்களைத் திருத்தும் பணியை அவர் கைவிடவில்லை. 1884ஆம் ஆண்டில் வூஸ்ரரில் இறந்தார். ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்னும் கருத்துடைய வாசகம், அவர் விரும்பியவாறே, அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டில் கொழும்பிலே தோன்றிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலம் கற்றவரையே நாடிற்று. தமிழில் மருத்துவம் பயிற்றும் முயற்சி கிறீனுக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. சொற்கள் நூலகத்தில் உறங்கின. அவற்றைப் பேசிக் கற்பிக்கும் வகுப்பறை இல்லாதொழிந்தது.

கடன் தீர்க்கும் வழி

1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டபின் உயிருள்ள உடலினுள்ளே கத்தியின்றி நோக்க இயன்றது. 1971ஆம் ஆண்டிலே, சென். ஜோர்ஜ் வைத்தியசாலையோடு இணைந்திருந்த அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், நோயாளி ஒருவரின் மூளை கணினியின் துணையோடு குறுக்குவெட்டுப் படமாக முதன்முதல் எடுக்கப்பட்டது. ஆயினும் இப்படங்களிற் காணும் நிழல் எவ்வுறுப்புக்குரியது எனச் சொல்ல வல்லவர் உடற்கூற்றை நன்கு கற்றவரே. 2005ஆம் ஆண்டுக்குரிய 39ஆம் பதிப்பில் கிறேயின் நூல், உறுப்புத்தொகுதி வாரியான பழைய ஒழுங்கை விட்டு, மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் முறைக்கேற்ப உடற்பகுதி வாரியாக மாற்றியமைக்கப்பட்டது. மாறுங்காலத்துக்கேற்ப மாறியமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

பழைய கடன்களும் சிறிது சிறிதாக ஏற்கப்பட்டு வருகின்றன. கார்ட்டரின் பங்கும் பெயரற்ற வறியோரின் பங்கும் ரூத் றிச்சேட்சன் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலால் பலருக்குத் தெரியவந்தன. பிரித்தானியாவில் 1832ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்து முதலிய பகுதிகளுக்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒருவர் தம் வாழ்நாளில் எழுத்தில் அளித்த இசைவின்றி அவரது உடலை உடற்கூற்று ஆய்வுக்குக் கொள்ளல் ஆகாது. பெந்தம் தனியொருவராய்ச் செய்தது பொதுநெறியாயிற்று. இலங்கையின் மருத்துவபீடங்களுக்கும் மனமுவந்து தம் உடலை எழுதிவைப்போர் உளர்.

விருத்திரனை வெல்லும் படைக்கலம் வேண்டித் தேவர் இரந்தபோது ததீசி முனிவர் தம் என்பையே ஈந்தார் எனப் புராணங்கள் கூறும். அம்முனிவர் கேட்கப்பட்டார், உவந்து கொடுத்தார், அவர் பெயரும் நிலைத்தது. கின்னேட்டன் வீதி மேசைமேற் கிடந்தவர்கள் கேட்கப்படவுமில்லை, பெயரும் பெறவில்லை. ஆயினும் அவர்கள் உடலிற் கண்டறியப்பட்டவற்றால் அன்று முதல் இன்றுவரை எண்ணிறந்த நோயாளர் உயிர் பெற்றனர். தேவர், முனிவர், பிதிரர் என்னும் மூவர்க்கும் மனிதன் கடன்பட்டவன் என்பர் பெரியோர். உடற்கூற்று நூலைக் கையிலெடுக்கும் மாணவனுக்கு நான்காவது கடன் ஒன்றுண்டு. மேசைமேற் கிடக்கும் உடலை ஒருவருடைய உடல் என்று மதித்து, கற்கவேண்டியதை முழுதுங் கற்று, அக்கல்வியை ஏழை நோயாளிக்குக் குறையின்றிச் செலுத்துவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.